முதலில் காலை அளப்போம், பிறகு துப்பாக்கி வாங்கலாம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க அன்பர்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உங்கள் பேத்தி துப்பாக்கி சுடப் பழகுகிறாளாமே! எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஆசைப்படுகிறான். எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? என்ன விலை?" பந்தியில் இலை போட்டுவிட்டதால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "எழுதியே கொடுத்துவிடுங்கள் சார்" என்று மலர்க்குழு நண்பர் கேட்டுக்கொண்டார். அதன்படியே இக்கட்டுரை.

நான் துப்பாக்கி நிபுணன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது கழக்கூட்டத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு டெக்னோபார்க்கில் வேலை. எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்குச் சீருடையும் பூட்ஸும் புதிதல்ல. 1962-இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி இங்கேதான் இருக்கிறது. அடுத்த ஊரான பள்ளிப்புறத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம். காரியவட்டத்தில் உடற்கல்விக் கல்லூரி. இவற்றையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இத்தகைய ஆசைகள் வருவது இயற்கைதான்.

என் பேத்திக்கு ஆசை வந்தது வேறு வழியில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அவர் அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். "நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்!" என்று நான் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்த பேத்தி, "தாத்தா, நானும் சுடப் பழகட்டுமா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு வயது 13. அதே போட்டிகளில் இளவேனில் வாலறிவனும் கலந்துகொண்டார் என்று அவளுக்குச் சொன்னேன். கடலூரில் பிறந்து, குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு அவர் மேல் தனிப் பிரியம் உண்டாகிறது.

நகரில் ஒரு பயிற்சி மையத்தில் பேத்தியைச் சேர்த்தோம். அங்கே நடந்ததைச் சொன்னாலே நண்பர்களின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நாலு மாதம் நகராத மதிப்பெண்

10 மீட்டர் ஏர் ரைபிள் என்பது நின்றபடியே சுடும் போட்டி. பத்து குண்டு சுட்டால் நூறு மதிப்பெண். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம்தான். பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. பேத்தி முதல் மாதத்தில் எழுபதுக்கு அருகில் வந்தாள். நாலு மாதம் கழித்தும் அதே எழுபதில்தான் நின்றாள். அவளுக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டு, "எனக்கு இது வராது தாத்தா. நான் நிறுத்திக்கிறேன்" என்றாள். சாப்பிடவும் இல்லை.

மகனுக்கு மனம் பொறுக்கவில்லை. மையத்தின் பழைய துப்பாக்கிதான் காரணம் என்று முடிவு செய்து, சில லட்ச ரூபாயில் ஜெர்மன் துப்பாக்கி ஒன்றை வாங்கிவிடலாம் என்றான். அதற்கு வங்கிக் கடன் வாங்கவும் தயாராக இருந்தான். கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் பயிற்சியாளரை ஒரு வார்த்தை கேட்போம் என்று நான்தான் தடுத்தேன்.

பயிற்சியாளர் மலையாளி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேத்தியின் காலைப் பார்த்தார். "சாரே, இந்த ஷூ யார் வாங்கியது?" என்று கேட்டார். நான்தான் வாங்கியிருந்தேன். ஓட்டப் பயிற்சிக்கான விலையுயர்ந்த ஷூ, அடியில் பஞ்சு போன்ற தடித்த மெத்தை. "இது ஓடுவதற்கு உள்ளது. நிற்பதற்கு ஆகாது. குழந்தை ஸ்பிரிங் கட்டிலின் மேல் நின்று சுடுகிறது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி சரியாக நெரித்து அடிக்கப்படாவிட்டால், மேலே எவ்வளவு நல்ல தண்டவாளம் போட்டாலும் வண்டி ஆடும். இதை முப்பது வருடம் கேங்மேன்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். என் பேத்தியின் காலடியில் நானே பஞ்சை வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கியின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் குறி 1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு 12.5 மி.மீ. விலகிப் படும். பத்துக்குப் போக வேண்டிய குண்டு ஆறுக்கோ ஐந்துக்கோ போய்விடும். உடம்பு லேசாக அசைந்தால்கூட முன் குறி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பஞ்சு மெத்தை மேல் நிற்கும் பிள்ளையின் உடம்பு அசையாமல் இருக்குமா?

நான் இழந்த விரல்

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் இடது காலில் நாலு விரல்கள்தான் உண்டு. சங்கத்தில் பலருக்கு இது தெரியாது. எப்போதும் ஷூ போட்டுக்கொண்டே வருவதால் தெரிய வாய்ப்பில்லை.

நான் அணியும் பூட்ஸ் 8 எண் என்று வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கடைக்காரர் சொன்னார். அதையே வேதவாக்காகக் கொண்டேன். இறுக்கமாக இருந்தால், "தோல்தானே, போகப் போக இளகும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வயது ஏற ஏறக் கால் அகன்றது. நான் எண்ணை மாற்றவில்லை. ஐம்பதை நெருங்கும்போது சர்க்கரை நோய் வந்தது. பாதத்தில் உணர்வு மெல்லக் குறைந்துகொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை.

2011 மழைக்காலத்தில் ஒருநாள் புதுப் பூட்ஸ் அணிந்து காலையிலிருந்து மாலைவரை ஜல்லியில் நடந்து தண்டவாளத்தைச் சோதித்தேன். வலியே தெரியவில்லை. இரவு காலுறையைக் கழற்றியபோது விரல் பக்கம் முழுக்க ரத்தம். பூட்ஸின் உள்தையல் சுண்டுவிரலை அறுத்திருந்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டும் புண் ஆறவில்லை. கடைசியில் விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்றலாம் என்றார்கள்.

தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று தினமும் கேஜ் வைத்து அளந்தவன் நான். சொந்தக் காலை ஒருநாளும் அளந்ததில்லை. ஆஸ்பத்திரியில் முதன்முறையாக அளந்தபோது என் கால் 9 எண்ணுக்கும் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. இதில் குறை சொல்ல வேறு யாரும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது.

பூட்ஸ் வாங்கும் முறை

அந்த விரலைக் கொடுத்து நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். துப்பாக்கி சுடுபவர்களுக்கு மட்டுமல்ல, தொழிற்சாலையில் பாதுகாப்பு ஷூ அணிபவர்களுக்கும், அகத்தியர் மலை ஏறப் போகிறவர்களுக்கும் இவை பொருந்தும்.

மாலையில் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நடந்த பின் கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்திய ஷூ மாலையில் இறுக்கும்.

காகிதத்தின் மேல் நின்று இரண்டு கால்களையும் பென்சிலால் வரைந்து கொள்ளுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறைந்துவிடும். பெரும்பாலோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கே வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தை மடித்துக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து வரைபடத்தின் மேல் வையுங்கள். வரைபடம் தகட்டுக்கு வெளியே எந்தப் பக்கம் நீட்டினாலும் அந்த ஷூ வேண்டாம்.

எண்ணை நம்பாதீர்கள். நம் கடைகளில் உள்ள பிரிட்டிஷ் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மி.மீ. இரண்டும் நீளத்தைத்தான் சொல்கின்றன. அகலத்தைச் சொல்வதில்லை. நமக்கோ அகலம்தான் சிக்கல். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் கால்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட இந்தியர் கால்கள் அகலமானவை என்பது அதில் தெரியவந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் இந்தியருக்கென ஓர் அளவு முறையையும் பரிந்துரைத்தார்கள். அகலம் போதாதபோது நீளமான எண்ணை வாங்கிச் சமாளிப்பது நம்மில் பலரின் வழக்கம். அப்படி வாங்கினால் குதிகால் வழுக்கும், கொப்புளம் வரும்.

மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரலே நீளம் என்பதை மறக்க வேண்டாம். அணிந்துகொண்டு ஒரு சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால், மலையிலிருந்து இறங்கும்போது நகம் கறுத்துப்போகும். கால் மடங்கும் இடத்திலேயே ஷூவும் மடங்க வேண்டும்.

பாதுகாப்பு ஷூவாக இருந்தால் இந்தியத் தர நிர்ணய எண் 15298 இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின் இரண்டாம் பகுதிப்படி, விரல் மூடி 200 ஜூல் இடியைத் தாங்க வேண்டும். இரும்பு மூடி தோல்போல் இளகாது. கடையில் இடித்தால் கடைசிவரை இடிக்கும்.

உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணி முனை, தடித்த தையல், மடிந்த துணி எது தட்டுப்பட்டாலும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தினமும் செய்ய வேண்டும். இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் நல்லது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வளரும் பிள்ளைகளுக்கு, "அடுத்த வருஷமும் ஆகும்" என்று பெரிதாக வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதையும் அண்ணன் போட்ட பழைய ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை அளந்து பாருங்கள்.

துப்பாக்கி சுடுவதற்கென்றே ஷூக்கள் உண்டு. அவற்றுக்கும் சர்வதேச விதி இருக்கிறது. அடிப்பாகம் 10 மி.மீ. தடிமனுக்கு மேல் போகக்கூடாது, விரல் மடங்கும் இடத்தில் குறைந்தது 22.5 டிகிரி வளைய வேண்டும். விதி எழுதியவர்களே காலடிக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். தொடக்கநிலைப் பிள்ளைக்கு அதெல்லாம் தேவையில்லை. தட்டையான, மெல்லிய அடிப்பாகம் கொண்ட சாதாரணக் கான்வாஸ் ஷூ போதும்.

துப்பாக்கி விஷயம்

ஷூவை மாற்றியதும் பேத்தியின் ஆட்டம் குறைந்தது. மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. ஆனால் குண்டுகள் ஒரே பக்கமாக ஒதுங்கிப் பட்டன. பயிற்சியாளர் அவளை இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விடச் சொன்னார். இரண்டு கண்களையும் திறந்தபடி அந்த ஓட்டை வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். இடது கண்ணை மூடியதும் கடிகாரம் மறைந்துவிட்டது. வலது கைக்காரியான அவளுக்கு இடது கண்ணே ஓங்கிய கண். அவள் குறி பார்ப்பது ஒரு கண், மூளை கேட்பது இன்னொரு கண்.

இத்தகையவர்கள் இடது தோளில் வைத்துச் சுடப் பழகலாம், அல்லது இடது கண்ணுக்கு முன்னால் சிறு மறைப்பு வைத்துக்கொள்ளலாம். 30 மி.மீ. அகலம் வரை மறைப்புக்கு விதியில் இடம் உண்டு. அவளுக்கு மறைப்பு வைத்தார். செலவு ஒரு துண்டு அட்டை.

அந்த ஜெர்மன் துப்பாக்கியை வலது கைக்கென்று வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும். எழுபதும் எழுபதாகவே இருந்திருக்கும். இவ்வளவு செலவு செய்தும் வரவில்லையே என்று பிள்ளையைத்தான் நொந்திருப்போம்.

ஆகவே துப்பாக்கி வாங்க நினைப்போர் குறைந்தது ஆறு மாதம் மையத்தின் துப்பாக்கியிலேயே பழகட்டும். பிறகு இவற்றைப் பாருங்கள்.

முதலில் நீளம். முழங்கையை மடக்கி, துப்பாக்கியின் பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையைத் தொட வேண்டும். பின்கட்டை நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால், வளரும் பிள்ளைக்குப் பல வருடம் வரும்.

அடுத்தது கன்னக்கட்டையின் உயரம். கன்னத்தை இயல்பாகச் சாய்த்ததும் கண் தானாகக் குறித்துளைக்கு நேரே வர வேண்டும். கழுத்தை வளைத்துத் தேடும்படி இருந்தால் கழுத்துவலி நிச்சயம்.

எடை 5.5 கிலோவுக்கு மேல் போக விதி அனுமதிப்பதில்லை. சிறு பிள்ளைக்கு அதைவிடக் குறைந்ததே நல்லது. முதுகை வளைத்துத் தாங்குகிறாள் என்றால் அந்தத் துப்பாக்கி அவளுக்குக் கனம்.

சுருள்வில் வகை மலிவு. ஆனால் சுடும்போது உள்ளே பிஸ்டன் பாய்ந்து அதிரும். போட்டிக்கு அழுத்தக் காற்று வகையே ஏற்றது. அதன் உருளையில் சுமார் 200 பார் அழுத்தம் நிற்கும். கார் டயரில் இருப்பது இரண்டரை பார் சொச்சம்தான். உருளையின் மேல் காலாவதி ஆண்டு பொறித்திருக்கும். பழைய துப்பாக்கி வாங்குவோர் அழகைப் பார்க்குமுன் அந்த ஆண்டைப் பாருங்கள்.

சட்டமும் பாதுகாப்பும்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் இந்த வரம்புக்குள் அடங்கும். இதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

"வீட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று வைத்துக்கொண்டால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்ல பூட்டும் நல்ல அயல்வீட்டுக்காரரும் போதும் என்பது என் தாழ்மையான கருத்து.

உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கியும் விளையாட்டுப் பொம்மை அல்ல. ஒரு கண்ணைப் பறிக்க அதற்கு வலு உண்டு. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் ஆள் பக்கம் திருப்பக்கூடாது. குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்கக்கூடாது. வீட்டில் துப்பாக்கி ஒரு பெட்டியிலும் குண்டுகள் வேறு பெட்டியிலும் பூட்டியிருக்க வேண்டும். சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். மொட்டைமாடியில் காக்கை, அணில் சுடுவதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். குண்டுகள் ஈயத்தால் ஆனவை. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளை எதையும் சாப்பிட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடும் அரங்கம் கட்டப்பட்டது. பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். அங்கே நிலவும் அமைதியைப் பார்த்தாலே, சினிமாவில் பார்த்த துப்பாக்கி வேறு, இந்த விளையாட்டு வேறு என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

பேத்தி இப்போது எண்பத்தைந்தைத் தொட்டிருக்கிறாள். பதக்கம் எதுவும் வரவில்லை. வருமா என்பதும் தெரியாது. இன்னும் மையத்தின் பழைய துப்பாக்கியில்தான் சுடுகிறாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு யாரும் எழுப்பாமலே எழுந்து, கான்வாஸ் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அணிகிறாள். பிறகு என் பூட்ஸையும் எடுத்து உள்ளே தடவிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல தாத்தா, போட்டுக்கோங்க" என்று கொடுக்கிறாள்.

எனவே அன்பர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துப் பிள்ளையைத் தரையில் நிற்க வையுங்கள். அப்படியே உங்கள் காலையும் அளந்துவிடுங்கள். மற்றவற்றை அடுத்த கூட்டத்தில் நேரில் பேசிக்கொள்ளலாம்.